பருந்து சந்தேகப்படாத ஆள்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டுக்குள் குச்சியை விட்டுச் சொறியக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய் என்று தெரியும்.

கடிதம் எழுதுவதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. வந்ததிலிருந்து உன்னைக் கூப்பிடுகிறேன். உன் போனை அத்தான்தான் எடுக்கிறார். "அக்கா குளிக்கிறாம்மா" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் குளியல், மாலையில் கூப்பிட்டாலும் குளியல். மாவுக்கட்டு கரைந்துவிடப் போகிறது, பார்த்துக்கொள்.

பெண்கள் தலைமைப் பயிற்சி என்றதும் மேடையில் நின்று கத்தப் பழக்குவார்கள் என்று நினைத்தேன். இங்கே மேடையே இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்கிறோம். மேடம் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி: "உங்க வீட்ல டிவி ரிமோட் யார் கையில இருக்கும்?" எல்லோரும் சிரித்தோம். பதில் சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. பாலினவியல் என்றால் தடித்தடியாகப் புத்தகம் என்றிருந்தேன். ரிமோட்டில் ஆரம்பிக்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பெயர் எடுத்தோம். யார் பெயர் வந்ததோ அவளுக்கு நாம் 'கண்ணாடி'. அவள் கூட்டத்தில் எப்போது பேசுகிறாள், எங்கே வாயை மூடிக்கொள்கிறாள், யாரைப் பார்த்துப் பம்முகிறாள் என்று பருவம் முழுக்கக் கவனிக்க வேண்டும். கடைசி நாளில் அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது. என்னையும் யாரோ கவனிக்கிறாள். யாரென்று தெரியவில்லை, முதுகில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது.

பருவம் முடியும்போது எங்களில் ஒருத்தியைக் கல்லூரி ஆட்சிக்குழுவில் உட்கார வைப்பார்கள். சும்மா உட்காருவது இல்லை, ஓட்டு உண்டு. எனக்கு அது வேண்டும் அக்கா. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அப்பாவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

வாலு

---

ஜூன் 21

அன்பு வாலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கிறது. டிக்கெட் இல்லாதவனைத் துரத்தி ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்ட பரிசோதகர் நான்தான் என்று டிப்போ முழுக்கச் சிரிப்பாம். கண்டக்டர்கள் எனக்குப் பருந்து என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும். சிறகொடிந்த பருந்து என்று இப்போது நீட்டிவிட்டார்கள்.

நான் தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவள். இலவசமாகத் தங்க இடம், இலவசமாகப் படிப்பு, அதற்கு மேல் வீட்டு விஷயத்தை விசாரிப்பது. குடுமி சும்மா ஆடுமா? அந்த மேடம் யார், அவளுக்கு இதில் என்ன ஆதாயம், கேட்டுச் சொல். உன்னைக் கவனிப்பவள் யார் என்று முதலில் கண்டுபிடி. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலையே பார்ப்பான். உன்னைக் கவனிப்பவள் உன்னைப் பார்க்கவே மாட்டாள்.

போன் அத்தானிடம் இருப்பது என் வசதிக்காகத்தான். எழுந்து போய் எடுக்க முடியாதல்லவா. அத்தான் என்னைத் தாங்குகிறார். இந்தக் கடிதத்தைக்கூட அவர்தான் கொண்டுபோய்ப் போடுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

---

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நொண்டாமல் நடக்கும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

நீ சொன்னபடி கண்ணைத் திறந்து வைத்தேன். என் அறைத்தோழி நெட்டை மேல்தான் சந்தேகம். நெட்டை என்று நாங்கள் வைத்த பெயர், மின்விசிறியை ஸ்டூல் இல்லாமலே துடைப்பாள். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்துகிறாள். நேற்று துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "உங்க வீட்ல உன்னைப் படிக்க விடுவாங்களா, இல்ல பாதியில கூப்பிட்டுக்குவாங்களா?" என்றாள். எதற்குக் கேட்கிறாள்?

இந்த வாரம் ஒரு பொய்க் கூட்டம் நடத்தினோம். மருத்துவமனை நிர்வாகக் குழு என்று பாவனை. யாராவது குறுக்கே பேசினால் மேடம் மேசை மணியை அடிப்பார். நான் பேசும்போது மணி அடிக்கவே இல்லை. பெருமையாக நிமிர்ந்தேன். மேடம் சொன்னார்: "உன்னை யாரும் குறுக்கிடலை. நீயே உன்னைக் குறுக்கிட்டுக்கிற." என்ன அர்த்தமோ. கேட்டால், "உன் கண்ணாடி சொல்லுவா" என்கிறார். பார்த்தாயா, நெட்டை ஏதோ சொல்லி வைத்திருக்கிறாள்.

மேடத்துக்கு என்ன ஆதாயம் என்று கேட்டேன். "உன்னை மாதிரி கேக்கிற பொண்ணுங்க கிடைக்கிறாங்க, அதான்" என்றார். பிடி கொடுக்காத ஆள்.

வாலு

---

ஜூலை 18

அன்பு வாலுக்கு,

நலம். இங்கே மழை, காலுக்குள் குடைச்சல்.

நெட்டை விஷயம் நீ சொல்வது சரியாகத்தான் படுகிறது. சிரித்துப் பேசும் கண்டக்டரின் பையைத்தான் நான் முதலில் திறப்பேன். மேடத்தின் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே. காலை விட்டுக் கட்டோடு கிடக்கிறவள் சொல்கிறேன்.

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அத்தானுடைய சித்தப்பா மகன் அடிக்கடி வருகிறார், லாரி அலுவலகம் வைத்திருப்பவர். அங்கே அத்தானை மேலாளராகப் போடுவதாகப் பேச்சு. போன விடுமுறையில் நீ பச்சைத் தாவணியில் எடுத்த படம் இருந்ததே, அத்தான் அதைச் சட்டம் போடக் கொண்டுபோனார். இன்னும் வரவில்லை. நல்ல படம்.

அத்தான் பக்கத்தில்தான் இருக்கிறார், உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா

---

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமா? என் படத்தை மாட்ட உங்கள் வீட்டில் சுவர் எங்கே இருக்கிறது? அத்தான் ஜெயித்த கோப்பைகளை வைக்கவே தட்டு போதவில்லையே!

ஒரு சின்ன விஷயம். உன் கடித உறையில் பசை இரண்டு அடுக்காக இருக்கிறது. ஒருமுறை ஒட்டியது, அதைப் பிரித்து மறுபடி ஒட்டியது. பருந்தின் தங்கை, கண்ணில் படாமல் போகுமா? எங்கள் விடுதியில் யாராவது பிரித்தார்களா, இல்லை நீயே ஏதாவது சேர்த்தாயா?

நெட்டை இப்போது நான் தூங்கிவிட்டேனா என்று பார்க்கிறாள். அவள்தான் என் கண்ணாடி. நிரூபிக்க வழி தெரியவில்லை. ஆட்சிக்குழுப் பெயரைச் செப்டம்பரில் முடிவு செய்கிறார்களாம். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

வாலு

---

ஆகஸ்ட் 15

அன்பு வாலுக்கு,

எல்லோரும் நலம். உறையைப் பற்றி வீணாகக் குழம்பாதே. தபால்தலை ஒட்டும்போது ஓரம் கிழிந்துவிட்டது, அத்தான் திரும்ப ஒட்டினார். அவர் எதையும் சுத்தமாகச் செய்கிறவர்.

நெட்டையைப் பிடிக்க வழி சொல்கிறேன். எங்கள் பரிசோதனைக் குழு எங்கே நிற்கும் என்று யாரோ ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சந்தேகப்பட்டவனிடம் மட்டும் ஒரு பொய் இடத்தைச் சொன்னேன். மறுநாள் அந்த நிறுத்தத்தில் மட்டும் எல்லோரும் டிக்கெட்டும் கையுமாக இறங்கினார்கள். ஆள் அகப்பட்டான்.

அதையே செய். நெட்டையிடம் மட்டும் ஒரு பொய் சொல். சின்னப் பொய்யாக இருந்தால் காற்றில் போய்விடும், கனமான பொய்யாகச் சொல். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் திருப்பி அனுப்ப மாட்டார்கள், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொல். அழுதுகொண்டே சொல். மேடம் காதுக்கு அது போனால் நெட்டைதான் ஆள்.

நான் சொன்னபடியே சொல், ஒரு சொல்லையும் மாற்றாதே. கேட்டாயா?

உன் அக்கா

---

செப்டம்பர் 1

அக்கா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. அகப்பட்டுவிட்டாள்!

நீ சொன்னபடியே சொன்னேன். அழுகை வராது என்று வெங்காயம்கூட யோசித்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேக்கல" என்று சொன்னதும் தானாகவே வந்துவிட்டது. ஏன் என்று இன்னும் புரியவில்லை. நெட்டை என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை மேடம் கூப்பிட்டுவிட்டார். "வீட்ல என்ன நடக்குது?" என்றார். பொய் என்று சொன்னால் பொய்க்காரி ஆவேன், உண்மை என்று சொன்னால் பெரும் பொய்க்காரி ஆவேன். பேசாமல் நின்றேன். இங்கே பேசாமல் நிற்பதையும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். "சரி, புரியுது" என்றார் மேடம். "உன் பேர் பட்டியல்ல இருக்கு. நீ விடுமுறை முடிஞ்சு திரும்பி வருவியான்னு தெரியாம எப்படி அனுப்புறது?"

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பது சரிதான், ஆட்சிக்குழு இடம் கைநழுவிப் போகிறது. ஆனால் நெட்டையின் முகத்திரை கிழிந்தது. அவளோடு பேச்சை விட்டுவிட்டேன். அவள் கட்டில் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்து என்ன செய்ய? உடனே எழுது.

வாலு

---

செப்டம்பர் 16

அன்புள்ள தங்கைக்கு அத்தான் எழுதும் மடல்.

இவ்விடம் அனைவரும் சுகம். அதுபோல் உன் சுகத்தையும் அறிய விரும்புகிறோம். உன் அக்காவுக்குக் கால் வலி அதிகமாக இருப்பதால் எழுத முடியவில்லை. ஆதலால் நானே எழுதுகிறேன்.

விடுமுறைக்கு நாலைந்து நாள் முன்னதாகவே புறப்பட்டு வரவும். நானே பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். நல்ல உடைகளாக நாலு எடுத்து வரவும். கல்லூரியில் தேவையில்லாத ஆட்களிடம் வீட்டு விவகாரம் எதையும் பேச வேண்டாம். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

---

செப்டம்பர் 24

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. காலில் கட்டுப் போட்டவளுக்குக் கையால் எழுத முடியாமல் போனது எனக்கு மிகவும் வருத்தம். இதைத்தான் நொண்டிச் சாக்கு என்பார்களோ?

விடுமுறைக்கு வருகிறேன். முன்னதாக இல்லை, விடுமுறை ஆரம்பிக்கும் அன்றே. உங்கள் வீட்டுக்கு இல்லை, நேராக அப்பாவின் சைக்கிள் கடைக்கு. பேருந்து நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம், வழி எனக்குத் தெரியும்.

தனியாக வரவில்லை. மேடமும் என் அறைத்தோழியும் கூட வருகிறார்கள்.

அக்காவிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுக்கவும். நீங்கள் படித்து முடித்த பிறகு கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனி

---

அக்டோபர் 19

என் தங்கமே,

அக்கா எழுதுவது. மாவுக்கட்டை நேற்று எடுத்துவிட்டார்கள். கால் மெலிந்து யாருடையதோ போல இருக்கிறது. ஆனால் நடக்கிறது. இந்தக் கடிதத்தை நானே எழுதி, நானே ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் நானே போடப் போகிறேன். உறையைத் தடவிப் பார், பசை ஒரே அடுக்குதான்.

நீ அன்று அப்பா கடையில் மூன்று பேராக வந்து இறங்கியபோது, அத்தானும் அவர் தம்பியும் உன்னை மசிய வைக்க என்னையும் ஆட்டோவில் ஏற்றி அங்கே கொண்டுவந்திருந்ததால், தனியாகப் பேச முடியவில்லை. இப்போது சொல்கிறேன். என் கடிதம் ஒவ்வொன்றையும் அவர் படித்துவிட்டுத்தான் போட்டார். உன்னுடையதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். ஜூலையிலேயே உன் படம் லாரி அலுவலகத்துக்குப் போய்விட்டது. அந்தச் சித்தப்பா மகனுக்கு உன்னைக் கட்டி வைப்பதாகப் பேச்சு; மேலாளர் நாற்காலிக்கு விலை நீ. அப்பாவிடம், "பொண்ணுக்குச் சம்மதம், அவ அக்காவே எழுதிக் கேட்டுட்டா" என்று சொல்லியிருந்தார். அப்பா நம்பிவிட்டார். கூப்பிட்டுச் சொல்ல என்னிடம் போன் இல்லை, எழுந்து போய்ச் சொல்லக் கால் இல்லை. சாடையாக எழுதினால் அத்தானுக்குப் புரிந்துவிடும் என்று பயந்தேன்.

அதனால்தான் அந்தப் பொய். அவர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல யோசனைதான். அவ வாயாலயே சொல்லிப் பழகட்டும், அப்புறம் நமக்கு வேலை சுலபம்" என்றார். நெட்டை யோக்கியமானவளோ இல்லையோ எனக்குத் தெரியாது. யோக்கியமானவளாக இருந்தால் மேடத்திடம் ஓடுவாள், வேவுக்காரியாக இருந்தாலும் மேடத்திடம் ஓடுவாள். அது போதும் எனக்கு. நீ அவளை அந்த அளவுக்கு வெறுப்பாய் என்று நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டாயா?

அப்பா கிரீஸ் கையோடு எழுந்து நின்றதை மறக்க முடியவில்லை. மேடம் பெரிதாக ஏதோ பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். "நான் பேச வரல. இவ பேசுறதைக் கேக்க வந்தேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்பா உன்னைப் பார்த்து, "உனக்குச் சம்மதம்னு சொன்னியாமே?" என்றார். "என்கிட்ட யாருமே கேக்கலப்பா" என்றாய். அப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவரிடம், "மாப்ள, டீ ஆறுது. குடிச்சிட்டு உங்க தம்பியைக் கூட்டிட்டுக் கிளம்புங்க" என்றார். அவ்வளவுதான். அப்பா இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

இங்கே எல்லாம் சரிதான்.

உன் அக்கா

---

நவம்பர் 6

என் அக்காவுக்கு,

நலம். உன் மெலிந்த கால் தேறிவிட்டதா?

நெட்டையிடம் மன்னிப்பு எப்போதோ கேட்டுவிட்டேன். அத்தானின் கடிதம் வந்த அன்று எனக்கு உறைத்துவிட்டது. கண்டக்டர், மேடம், நெட்டை என்று உலகத்தில் ஒருவரை விடாமல் சந்தேகப்பட்டவள் நீ. உன் போனை வைத்திருந்தவரை மட்டும், உறையைப் பிரித்தவரை மட்டும் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. பருந்து ஒரு ஆளைச் செக்கிங் செய்யாமல் விடுகிறது என்றால், அந்த ஆள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

அந்தக் கடிதத்தை நெட்டையிடம் நீட்டி, "நான் சொன்ன பொய் நெஜமாயிடுச்சு" என்றேன். அவள் குத்திக்காட்டவில்லை. "நீ பொய்யா அழலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். அவளுடைய அக்கா இதே பயிற்சியில் இருந்தவளாம். விடுமுறைக்குப் போனாள், திரும்பி வரவில்லை. நெட்டை என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அதுதான் காரணம்.

கண்ணாடி நாள் நேற்று முடிந்தது. என் கண்ணாடி நெட்டை இல்லை. எதிரே உட்கார்ந்து பருவம் முழுக்க வாயே திறக்காத ஒருத்தி. அவள் இருக்கிறாள் என்றே நான் கவனித்ததில்லை. என்னைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இவ எந்தக் கருத்தைச் சொன்னாலும் முன்னால 'எங்க அக்கா சொல்லுவா'ன்னு ஆரம்பிக்கிறா. இவ என்ன சொல்றான்னு எனக்கு இன்னும் தெரியல." எனக்கு முகம் சிவந்துவிட்டது. மேடம் சொன்னதும் அதைத்தான்.

நான் விடுமுறையிலிருந்து திரும்பும்வரை மேடம் முடிவைத் தள்ளி வைத்திருந்தாராம்; இப்போது ஆட்சிக்குழுவுக்கு என் பெயரை அனுப்பியிருக்கிறார்கள். கிடைத்தால் உன் பெயரைச் சொல்லாமல் பேசப் பழக வேண்டும்.

இப்போதே பழகுகிறேன். இது எங்கள் அக்கா சொன்னது இல்லை, நான் கேட்பது. 'இங்கே எல்லாம் சரிதான்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியில் மட்டும் உன் எழுத்து குனிந்திருக்கிறது. அப்பா என்னைக் கேட்டார், சம்மதமா என்று. உன் கல்யாணத்தின்போது உன்னை யாராவது கேட்டார்களா அக்கா?

வாலு

---

டிசம்பர் 12

அன்பு வாலுக்கு,

நலம். பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கால் காரணமில்லை, கையும் காரணமில்லை.

மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் நான் படியில் ஏறியதும் கண்டக்டர் எழுந்து நின்று, "பருந்து வந்துடுச்சு, டிக்கெட்டை எடுங்க" என்று கத்தினான். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது வாலு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. யாரும் கேட்கவில்லை. நல்ல இடம் என்றார்கள், நான் தலையை ஆட்டியதாக எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு மட்டும் ஞாபகம் இல்லை. இத்தனை வருஷம் கழித்து நீ கேட்ட பிறகு, நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். பதில் வரக் கொஞ்சம் நாளாயிற்று.

இப்போது அப்பா வீட்டில் இருக்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கும் அறை. கிரீஸ் வாசம் வருகிறது, பரவாயில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டுக்கொடுத்தார். அடுத்து என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியும்போது உனக்குத்தான் முதலில் சொல்வேன்.

இனிமேல் கடிதம் வேண்டாம். போனைத் திரும்ப வாங்கிவிட்டேன், வேலைக்குக் கொண்டுபோகும் பையிலேயே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, நானே எடுப்பேன். நான் குளிப்பது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்.

உன் அக்கா